ராத்திரிச் சாப்பாடு

உடுமலைப்பேட்டை
மார்கழி 26

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

அத்தை எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். உன் சுகத்தைத்தான் புதுவருஷத்தன்று குடும்ப குரூப்பில் பார்த்தேன். இந்த வருஷம் செய்யப்போவதாக ஒன்பது வரி போட்டிருந்தாய். சித்தப்பா, பெரியம்மா, சேலத்துக்காரர்கள் எல்லாரும் கட்டைவிரலைத் தூக்கியிருந்தார்கள். நான் தூக்கவில்லை. உன் ரத்தப் பரிசோதனைத் தாளும் அதே போனில்தான் கிடந்தது. அனுப்பியதற்காக உன் பெண்டாட்டியைத் திட்டாதே. அவள் வேறு யாரிடம் போய்ச் சொல்வாள்?

மூன்று மாதச் சர்க்கரை 6.1. அது 5.7-க்குக் கீழே இருந்தால் பேச்சில்லை, 6.5-ஐத் தொட்டால் சர்க்கரை நோய். நீ நடுத்திண்ணையில் உட்கார்ந்திருக்கிறாய். வயது 31. உங்கப்பாவுக்கே 46-ல்தான் வந்தது.

சரி, பட்டியலுக்கு வருகிறேன். ஜிம்மில் ஒரு வருஷப் பணம் கட்டியாகிவிட்டது, தினமும் பத்தாயிரம் அடி, சர்க்கரை அறவே கிடையாது, அதிகாலை ஐந்துக்குத் தியானம். ராத்திரி ஷிப்ட் முடிந்து கேப் உன்னை வாசலில் இறக்கும்போது மணி மூன்று, மாப்பிள்ளை. ஐந்துக்கு எழுந்து தியானம் செய்யப்போவது யார்? பத்தாயிரம் அடி என்பதும் டாக்டர் சீட்டிலிருந்து வந்த கணக்கில்லை. 1965-ல் ஜப்பானில் இடுப்பில் மாட்டிக்கொள்ளும் அடி எண்ணும் கருவி ஒன்றை விற்றார்கள். அதற்கு வைத்த பேரே பத்தாயிரம் அடி மீட்டர்தான். உலக சுகாதார நிறுவனம் கேட்பது வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிஷம், கொஞ்சம் மூச்சு வாங்குகிற நடை.

முப்பத்திரண்டு வருஷம் கிராம சுகாதார செவிலியராக வீடு வீடாக ஏறி இறங்கியவள் நான். ஒன்பது வரி எழுதினவர்கள் மாசிக்குள் ஒன்பதையும் விட்டுவிடுவார்கள். ஒரே வரி எழுதினவர்களைத்தான் அடுத்த வருஷமும் அதே தெம்போடு பார்த்திருக்கிறேன். உன் பட்டியலில் இருக்க வேண்டிய அந்த ஒரு வரியை நீ எழுதவே இல்லை. ராத்திரிச் சாப்பாடு.

சிரிக்காதே. இதைச் சொல்லும்போதெல்லாம் நம் வீட்டில் சிரித்திருக்கிறார்கள். உங்கப்பா ரெண்டாம் ஷிப்ட் முடிந்து வரும்போது மணி ஒன்றரை ஆகும். சைக்கிளுக்கு ஸ்டாண்டு போடுகிற சத்தம் கேட்டதும் உங்கம்மா எழுந்து அடுப்பைப் பற்ற வைப்பாள். தலைமுடியில் மில் பஞ்சு ஒட்டியிருக்க, அப்படியே உட்கார்ந்து நெய் விட்டு ஆறு தோசை. கை கழுவிய ஈரம் காய்வதற்குள் திண்ணையில் படுத்துக் குறட்டை. “அண்ணா, இந்நேரத்துக்கு இவ்வளவு வேண்டாம்” என்றால், “இவ நர்ஸுக்குப் படிச்சாலும் படிச்சா, பார்க்கிறவனெல்லாம் நோயாளியாத் தெரியறான்” என்பார். உங்கம்மாவும் சேர்ந்து சிரிப்பாள். அந்தச் சிரிப்பை நான் இன்னும் மறக்கவில்லை என்பது அவளுக்கும் தெரியும்.

ஒரு நாள் திண்ணையில் ரத்தத் தடம் இருந்தது. யாருக்கு அடிபட்டது என்று தேடினால், அண்ணன் செருப்பில் ஆணி ஏறி உள்ளங்காலில் புதைந்திருக்கிறது. ரெண்டு நாளாக அதோடுதான் சைக்கிள் மிதித்திருக்கிறார். வலியே தெரியவில்லை. அன்றைக்குத்தான் சர்க்கரை பார்த்தோம். எத்தனை வருஷமாக உள்ளே இருந்ததோ! அந்தப் புண்ணுக்கு நாலு மாசம் நான்தான் கட்டுப் போட்டேன். மீதி உனக்குத் தெரியும்.

இருட்டிவிட்டால் உடம்பு கடையைச் சாத்தப் பார்க்கும். காலையில் தின்கிற அதே நாலு இட்லியை நடுராத்திரியில் தின்றால் ரத்தத்தில் சர்க்கரை கூடுதலாக ஏறும். உடம்புக்குள் ஓடும் இந்தக் கடிகாரம் எப்படி வேலை செய்கிறதென்று கண்டுபிடித்த மூன்று பேருக்கு 2017-ல் நோபல் பரிசே கொடுத்தார்கள். எனக்கு உங்கப்பா காலே போதுமாக இருந்தது.

பயமுறுத்துவதற்காக எழுதவில்லை. நடுத்திண்ணையிலிருந்து இறங்கி வர வழி இருக்கிறது. நீ இருக்கிற அதே சென்னையிலிருந்து டாக்டர்கள் நடத்திய ஒரு ஆராய்ச்சி 2006-ல் வெளியானது. உன்னைப் போல எல்லைக்கோட்டில் நின்றவர்களிடம் சாப்பாட்டைத் திருத்தி, தினம் அரை மணி நடக்கச் சொன்னார்கள். மூன்று வருஷத்தில் சர்க்கரை நோய்க்குப் போகிற ஆபத்து நாலில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. மாத்திரை சாப்பிட்டவர்களுக்குக் கிடைத்ததும் ஏறக்குறைய அதே பலன்தான்.

அதனால் ஷிப்டுக்குக் கிளம்பும் முன்பே, ஏழரைக்குள் வயிறாரச் சாப்பிட்டுவிடு. சாப்பிட்டதும் பத்து நிமிஷம் நட, மாடிப்படியானாலும் சரி. நடுராத்திரிக் கேன்டீன் பரோட்டா வேண்டாம். பசித்தால் மோர், ஒரு கை சுண்டல். உன் ஒன்பது வரியையும் ஆடிக்கு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

பகல் ஷிப்ட் கேட்பதும் கேட்காததும் உன் இஷ்டம். அதில் நான் தலையிட மாட்டேன். நைட் அலவன்ஸ் போகும், கார் தவணை இருக்கிறது, எல்லாம் தெரியும். உங்கப்பாவும் தவணைக்காகத்தான் ரெண்டாம் ஷிப்டை விடாமல் இருந்தார். மேனேஜருக்கு அனுப்ப வேண்டிய மெயிலை உன் பெண்டாட்டி அடித்து வைத்திருக்கிறாளாம். அனுப்புவது மட்டும்தான் பாக்கி.

நிறையப் பேசிவிட்டேன், மனசில் வைத்துக்கொள்ளாதே சாமி. உன்னைப் போலப் பிள்ளை எந்த வீட்டிலும் கிடையாது. எனக்குக் கண் ஆபரேஷன் நடந்தபோது லீவு போட்டு ஓடி வந்து மூன்று நாள் கூடவே இருந்தாயே, அதைப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பொங்கலுக்குப் பாப்பாவையும் கூட்டிக்கொண்டு வா. புது வெல்லம் வாங்கி வைத்திருக்கிறேன், உனக்குப் பிடித்த கச்சாயம் சுடலாம். ரெண்டு தின்றால் ஒன்றும் ஆகிவிடாது. இருட்டுவதற்குள் வந்து சேர்ந்துவிடு.

அன்புடன்,
உன் அத்தை