பங்குக் கணக்கை இணையத்தில் வைக்கலாமா?

வல்வெட்டித்துறையில் கடை வைத்திருப்பவருக்கும் கொழும்புப் பங்குச் சந்தையின் விலை இப்போது கையடக்கத் தொலைபேசியில் உடனுக்குடன் கிடைக்கிறது. அத்தோடு, உங்கள் பங்குகளின் இலாப நட்டத்தை இலவசமாகக் காட்டுகிறோம் என்று பல இணையத்தளங்களும் செயலிகளும் அழைக்கின்றன. எதை நம்புவது என்று வர்த்தக நண்பர்கள் கேட்கிறார்கள். நான் அவற்றின் வர்ணப் படங்களைப் பார்ப்பதில்லை. தரகர் தந்த பழைய சிட்டை ஒன்றை எடுத்து, அதைப் பதிந்து பார்ப்பேன்.

100 ரூபாய்ப்படி 1,000 பங்கு வாங்கினால் தரகும் ஏனைய கட்டணங்களும் சேர்ந்து 1.12 வீதம், அதாவது 1,120 ரூபாய் ஏறும். விற்கும்போதும் அதே வீதம் கழியும். ஆகவே விலை ஏறத்தாழ 102 ரூபாய் 30 சதத்துக்கு வந்தால்தான் போட்ட முதல் மீளும். 101 ரூபாயிலேயே பச்சை நிறத்தில் இலாபம் காட்டும் தளத்தைக் கணக்குப்பிள்ளையாக வைக்க முடியுமா?

பங்குப் பிரிப்பில்தான் பல தளங்களின் சாயம் வெளுக்கும். ஜோன் கீல்ஸ் ஹோல்டிங்ஸ் 2024இல் ஒரு பங்கைப் பத்தாகப் பிரித்தது. விலை பத்திலொன்றானது, கையிருப்பு பத்து மடங்கானது. விலையை மட்டும் மாற்றி, எண்ணிக்கையைப் பழையபடி விட்டுவிடும் தளத்தில் முதலில் பத்தில் ஒன்பது பங்கு பறிபோனது போலத் தெரியும். வெளிநாட்டுத் தளங்கள் கொழும்புப் பங்குகளுக்கு இதைத் தாமாகவே திருத்தும் என்று இருந்துவிடாதீர்கள். உரிமைப் பங்கு, பங்கிலாபம் இவற்றைப் பதியவும் இடம் வேண்டும்.

நமக்கு ஸகாத் கணக்கும் உண்டு. விற்பதற்கென்று வாங்கிய பங்கை, வருடம் பூர்த்தியாகும் நாளின் சந்தை விலையில் மதிக்க வேண்டும். அது பிறைக் கணக்கு. ஆங்கிலத் திகதிப்படி ஆண்டுதோறும் பத்துப் பதினொரு நாள் முன்னால் வரும். இன்றைய விலையை மாத்திரம் காட்டும் தளத்தில் அந்த நாளைப் பிடிக்க முடியாது. கடந்துபோன திகதி ஒன்றைக் கொடுத்து, அன்றைய மதிப்பைத் தருகிறதா என்று பாருங்கள்.

இலவசமாகத் தருபவர் எந்த நேரமும் கடையை மூடலாம். கூகுள் பினான்ஸ் 2017 நவம்பரில் பங்குப் பட்டியல் வசதியை நிறுத்தியது; பிற்பாடு வேறு வடிவில் கொண்டுவந்தது. எனவே பதிந்ததைத் திரும்ப இறக்கிக்கொள்ள வழியில்லாத தளத்தில் ஒரு வரிகூடப் பதியாதீர்கள். மாத முடிவில் எக்செல் கோப்பாக இறக்கி, சி.டி.எஸ். கணக்குக் கூற்றோடு எண்ணிக்கையை ஒத்துப் பாருங்கள். இரண்டும் முரண்பட்டால் சி.டி.எஸ். கூற்றுத்தான் அத்தாட்சி.

தரகர் கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்டால் அத்தோடு வெளியேறிவிடுங்கள். கணக்குப் பார்க்க அது தேவையில்லை.