கைவிட்டுப்போன ஆட்டக்காரர்களைக் கன்சோல் கம்பெனி மீட்க முடியுமா?

கேள்வி: செஞ்சி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு கேம் சென்டர் நடத்துகிறேன். இரண்டு எக்ஸ்பாக்ஸ், இரண்டு ப்ளேஸ்டேஷன் இருக்கின்றன. முன்பெல்லாம் பள்ளிக்கூடம் விட்டதும் பசங்க வந்து காத்திருப்பார்கள். இப்போது எல்லார் கையிலும் போன். சனி, ஞாயிறில்தான் கொஞ்சம் கூட்டம். எக்ஸ்பாக்ஸையே நிறுத்தப் போகிறார்கள் என்று வேறு பேசிக்கொள்கிறார்கள். இப்படிச் சறுக்கிய கம்பெனி ஆட்டக்காரர்களைத் திரும்பக் கொண்டுவர முடியுமா? என்ன செய்தால் நடக்கும்? இந்த நிலையில் நான் புதுக் கன்சோல் வாங்கலாமா?
— வாசகர், செஞ்சி

பதில்: முடியும். வீடியோ கேம் தொழிலில் விழுந்து எழுந்த கம்பெனிகள் உண்டு. ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கியவரையும், தன் பொருளை நம்பிக் கடை வைத்தவரையும் மதித்த கம்பெனி மீண்டிருக்கிறது. அவர்களை நட்டாற்றில் விட்ட கம்பெனி, பிறகு நல்ல மெஷினைக் கொண்டுவந்தும் கரையேறவில்லை.

முதலில் எக்ஸ்பாக்ஸின் நிலையைச் சொல்லிவிடுகிறேன். கன்சோலை நிறுத்துவதாக மைக்ரோசாஃப்ட் சொல்லவில்லை. அடுத்த தலைமுறைக் கன்சோலுக்கான சிப்பை ஏஎம்டியுடன் சேர்ந்து உருவாக்குவதாக 2025 ஜூனில் அறிவித்தது. ஆனால் பசங்களின் சந்தேகத்துக்கும் காரணம் இருக்கிறது. எக்ஸ்பாக்ஸில் மட்டும் கிடைத்த ஆட்டங்கள் 2024 முதல் ஒவ்வொன்றாகப் போட்டிக் கம்பெனிக்குப் போகின்றன. ‘ஃபோர்ஸா ஹொரைசன் 5’ 2025 ஏப்ரலில் ப்ளேஸ்டேஷன் 5-க்கு வந்தது. முதல் எக்ஸ்பாக்ஸுடன் 2001-இல் பிறந்த ‘ஹேலோ’வும் அங்கே வரும் என்று அந்த ஆண்டு அக்டோபரில் அறிவித்தார்கள். அதே மாதத்தில் அமெரிக்காவில் கேம் பாஸ் அல்டிமேட் சந்தா மாதம் 20 டாலரிலிருந்து 30 டாலராக ஏறியது. 2025 ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான காலாண்டில் எக்ஸ்பாக்ஸ் கன்சோல் வருமானம் முந்தைய ஆண்டைவிட 29 சதவீதம் சரிந்தது. ‘இந்தப் பெட்டியை ஏன் வாங்கினோம்?’ என்று வாங்கியவர் கேட்கும் இடத்தில்தான் அந்தக் கம்பெனி இன்று நிற்கிறது.

இதே கம்பெனி இதைவிட மோசமான நிலையிலிருந்து ஒருமுறை எழுந்திருக்கிறது. எக்ஸ்பாக்ஸ் 360 வைத்திருந்தவர்களுக்கு அந்தச் சிவப்பு வட்டம் மறந்திருக்காது. பவர் பட்டனைச் சுற்றியுள்ள வளையம் நான்கு பாகமாக இருக்கும். பச்சை எரிய வேண்டிய இடத்தில் மூன்று பாகம் சிவப்பாக மின்னினால் மெஷின் போய்விட்டது என்று அர்த்தம். சூடாவதும் ஆறுவதுமாக இருந்து உள்ளிருந்த இணைப்புகள் விரிசல் விட்டதுதான் கோளாறு. 2007 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் இதற்கான வாரண்டியை மூன்று ஆண்டுகளாக நீட்டித்தது. அதற்கு முன் கைக்காசு போட்டுப் பழுது பார்த்தவர்களுக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. இதற்காக ஒதுக்கிய தொகை 100 கோடி டாலருக்கு மேல். அந்தச் செலவை ஏற்றதால்தான் 360 பல ஆண்டுகள் சந்தையில் நின்றது.

நின்டெண்டோ 2011-இல் செய்ததும் இப்படித்தான். 3டிஎஸ் என்ற கையடக்கக் கன்சோல் அமெரிக்காவில் 250 டாலருக்கு வந்து விற்காமல் கிடந்தது. ஐந்தே மாதத்தில் விலையை 170 டாலராகக் குறைத்தார்கள். முழு விலை கொடுத்து முதலில் வாங்கியவருக்கு வயிறு எரியுமல்லவா? அதை உணர்ந்து அவர்களுக்கு மட்டும் 20 பழைய ஆட்டங்களை இலவசமாகக் கொடுத்தார்கள். தலைவர் சதோரு இவாட்டா தன் சம்பளத்தில் பாதியைக் குறைத்துக்கொண்டார். அந்த 3டிஎஸ் கடைசியில் ஏழரைக் கோடிக்கு மேல் விற்றது.

மாறாக நடந்ததையும் பாருங்கள். சேகா கம்பெனி 1995 மே மாதம், தன் சாட்டர்ன் கன்சோலை அறிவித்த தேதிக்கு நான்கு மாதம் முன்னதாக, அமெரிக்காவில் குறிப்பிட்ட சில கடைகளுக்கு மட்டும் அனுப்பியது. சரக்கு கிடைக்காத கடைக்காரர்கள் கொதித்துப்போனார்கள். கேபி டாய்ஸ் என்ற பெரிய பொம்மைக்கடை நிறுவனம் சாட்டர்னை விற்கவே மாட்டேன் என்றது. அடுத்து வந்த ட்ரீம்காஸ்ட் நல்ல மெஷின்தான். ஆனால் வாங்கியவரும் விற்பவரும் நம்பிக்கை இழந்துவிட்டிருந்தார்கள். 2001-இல் சேகா கன்சோல் தயாரிப்பையே நிறுத்தியது.

மைக்ரோசாஃப்டும் 2013-இல் இந்தத் தவறைச் செய்தது. எக்ஸ்பாக்ஸ் ஒன் 24 மணி நேரத்துக்கு ஒருமுறை இணையத்தில் இணைய வேண்டும், பழைய டிஸ்க்கை விற்கவும் வாங்கவும் கட்டுப்பாடு என்றார்கள். எதிர்ப்புக் கிளம்பியதும் 2013 ஜூனிலேயே அதைக் கைவிட்டார்கள். ஆனாலும் ப்ளேஸ்டேஷன் 4 தங்களைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் விற்றது என்று 2022-இல் அவர்களே ஒப்புக்கொண்டார்கள். இந்தியாவில் அந்த எக்ஸ்பாக்ஸ் ஒன் 2014 செப்டம்பரில் அமேசான் வழியாக மட்டுமே விற்பனைக்கு வந்தது. சென்னை ரிச்சி தெருவிலும் பர்மா பஜாரிலும் விற்ற கடைக்காரர்கள்தான் நம் ஊரில் கன்சோலை வளர்த்தவர்கள். அவர்களைத் தாண்டிப் போனது பெரிய பிழை.

இப்போது உங்கள் செஞ்சிக்கு வருவோம். உங்கள் பையன்கள் போனுக்குப் போனது கன்சோல் பிடிக்காமல் அல்ல. 2016-இல் ஜியோ வந்தபின் டேட்டா மலிந்தது. பப்ஜி, 2021 முதல் அதன் இந்திய வடிவமான பிஜிஎம்ஐ எல்லாம் காசில்லாமல் கிடைத்தன. ப்ளேஸ்டேஷன் 5 இந்தியாவுக்கு 2021 பிப்ரவரியில் வந்தபோது விலை 49,990 ரூபாய். ஒரு புது ஆட்டத்துக்குத் தனியாக நான்காயிரம், ஐந்தாயிரம். நெல்லும் மணிலாவும் விதைத்து வாழும் வீட்டுக்கு இது கட்டுப்படியாகாது. அப்படிப்பட்ட வீட்டுப் பையனின் கையில் ஜாய்ஸ்டிக் வருவது உங்கள் கடை போன்ற இடத்தில் மட்டும்தான்.

அதனால் மீள நினைக்கும் கம்பெனி முதலில் உங்களைத் தேடி வர வேண்டும். இன்றைக்குக் கன்சோல் கம்பெனிகளின் சந்தா விதிகள் ‘சொந்த உபயோகத்துக்கு மட்டும்’ என்கின்றன. மணிக்கு இவ்வளவு என்று வாங்கும் கேம் சென்டருக்கு அதில் இடமில்லை. தென்கொரியாவில் அப்படியல்ல. அங்கே தெருவுக்குத் தெரு இருக்கும் ‘பிசி பாங்’ கடைகளோடு ஆட்டக் கம்பெனிகளே ஒப்பந்தம் போடுகின்றன. ‘லீக் ஆஃப் லெஜண்ட்ஸ்’ ஆடுகிறவர் வீட்டைவிடக் கடையில் ஆடினால் கூடுதல் சலுகை கிடைக்கும். சிறு நகரக் கேம் சென்டருக்கென்று கட்டுப்படியாகும் ஓர் உரிமம், ஜாய்ஸ்டிக் உதிரி பாகம், மாவட்டத் தலைநகரிலாவது ஒரு சர்வீஸ் சென்டர்: இந்த மூன்றையும் கொடுக்கும் கம்பெனிக்குத் தமிழ்நாட்டுச் சிறு நகரங்கள் திறந்தே கிடக்கின்றன.

அடுத்தது, திரையில் நம் மண் தெரிய வேண்டும். இந்த முயற்சி முன்பே நடந்திருக்கிறது. கபடி, கில்லி, பட்டம் எல்லாம் வைத்து ‘தேசி அட்டா’ என்ற ஆட்டத்தை 2009-இல் சோனி வெளியிட்டது, அது தொடரவில்லை. 2023-இல் டொராண்டோவின் விசை கேம்ஸ் ‘வெண்பா’வைக் கொண்டுவந்தது. கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. அம்மாவின் சமையல் குறிப்பில் அழிந்துபோன வரிகளை ஊகித்து, இட்லித் தட்டை எப்படி அடுக்குவது என்று ஆடுகிறவரே கண்டுபிடிக்க வேண்டும். அது 2024-இல் பாஃப்டாவின் சிறந்த அறிமுக ஆட்டம் விருதை வென்றது. தமிழ்க் கதை உலகச் சந்தையில் எடுபடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

ஒரு ஆட்டம் ஊருக்கே நன்மை செய்யும். ‘கோஸ்ட் ஆஃப் சுஷிமா’ 2020-இல் வந்தது. அதை உருவாக்கிய அமெரிக்கர்கள் இருவரை ஜப்பானின் சுஷிமா நகரம் தன் சுற்றுலாத் தூதர்களாக நியமித்தது. அங்கே புயலில் விழுந்த ஒரு கோயில் வாயிலைக் கட்ட ஆட்டத்தின் ரசிகர்களும் பணம் அனுப்பினார்கள். உங்கள் ஊரில் ராஜகிரி மலைக்கோட்டை இருக்கிறது. 1690 முதல் 1698 வரை முகலாயப் படையைத் தடுத்து நிறுத்திய முற்றுகை வரலாறு இருக்கிறது. 1714-இல் ஆற்காட்டு நவாபை எதிர்த்து மாண்ட தேசிங்குராஜனின் கதை இருக்கிறது. 2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோ பட்டியலிலும் ஏறிவிட்டது. அந்த முற்றுகையை ஒரு ஆட்டமாக்கி, தமிழ்க் குரலோடு கொண்டுவரும் கம்பெனிக்கு உங்கள் கடையில் கூட்டம் நிச்சயம்.

கடைசியாக, வாங்கலாமா என்று கேட்டீர்கள். பெயரைப் பார்த்து வாங்காதீர்கள். என்னிடம் இருக்கும் டிஸ்க் இதில் ஓடுமா, பழுதானால் எந்த ஊருக்குக் கொண்டுபோக வேண்டும், ஒரே டிவியில் இரண்டு பேர் ஆடும் ஆட்டங்கள் எத்தனை என்று விசாரியுங்கள். எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ்ஸில் டிஸ்க் போடும் வசதியே இல்லை. சீரிஸ் எக்ஸில் பழைய எக்ஸ்பாக்ஸ் டிஸ்க்குகள் பலவும் ஓடும். டிஸ்க் வசதியுள்ள ப்ளேஸ்டேஷன் 5-இல் ப்ளேஸ்டேஷன் 4 டிஸ்க்குகள் பெரும்பாலும் ஓடும். இப்போது இருக்கும் நான்கு மெஷின்களையும் சுத்தம் செய்து, காற்றோட்டமாக வைத்து, கிரிக்கெட், ஃபுட்பால், சண்டை என்று சேர்ந்து ஆடும் ஆட்டங்களை முன்னால் வையுங்கள். வார இறுதியில் சின்னப் போட்டி நடத்துங்கள். புதுக் கன்சோலுக்கு ஒரு வருடம் பொறுங்கள். உங்களைப் போன்ற கடைக்காரரைத் தேடி வருகிற கம்பெனி எதுவோ, அதற்கு உங்கள் பணத்தைக் கொடுங்கள்.