சிறு குடும்பம், சிக்கல் குடும்பம்

எறும்பு வளர்க்கப் போகிறேன் என்று சொன்னால் நம் வீடுகளில் சர்க்கரை டப்பாவைக் காட்டிச் சிரிப்பார்கள். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் இது ஊறிப்போன பொழுதுபோக்கு. மழை ஓய்ந்த நாளில் பறந்து இணைசேர்ந்து, சிறகை உதிர்த்துவிட்டுத் தரையில் அலையும் ராணியைப் பிடிப்பார்கள். அடியில் தண்ணீர், அதை அடைத்த பஞ்சு, மிச்ச இடத்தில் ராணி. ஒரு சோதனைக்குழாய்தான் முதல் வீடு. முட்டை, புழு, கூட்டுப்புழு என்று குடும்பம் அங்கிருந்து வளரும்.

புதிதாக இறங்குபவர் கேட்கும் முதல் கேள்வி, ஆயிரக்கணக்கில் பெருகாத வகை எது என்பது. நியாயமான கேள்வி. நூறு, இருநூறோடு நின்றுவிடும் வகைகள் நிறையவே உண்டு. ஆனால் கேள்வியோடு சில நம்பிக்கைகளும் ஒட்டிக்கொண்டு வருகின்றன.

"அளவாகத் தீனி போட்டால் எந்தக் கூட்டமும் சிறிதாகவே இருக்கும்"

தீனியையும் வெப்பத்தையும் குறைத்தால் வளர்ச்சி மெதுவாகும், அவ்வளவுதான். பசித்த கூட்டம் தன் புழுக்களையே தின்னும். வேலைக்கார எறும்புகள் மூடியில் இடுக்கு தேடி அலையும். மாமரத்து இலைகளை இழைத்துக் கூடு கட்டும் முசுறு, பல மரங்களில் பரவி ஒரே கூட்டமாக ஐந்து லட்சம் வரை போகக்கூடியது. அதை ஒரு டப்பாவுக்குள் ஐம்பதாக நிறுத்தி வைப்பதற்கு வளர்ப்பு என்று பெயர் இல்லை. கையில் இப்போது எத்தனை இருக்கிறது என்று பார்ப்பதைவிட, முதிர்ந்த கூட்டத்தில் எத்தனை இருக்கும் என்று கேட்க வேண்டும். நம் கட்டெறும்பின் பங்காளியான வட அமெரிக்கக் கருந்தச்செறும்பு முதல் ஆண்டில் பத்திருபது எறும்புகளோடு சாதுவாக உட்கார்ந்திருக்கும். சில ஆண்டுகள் போனால் பல ஆயிரம்.

"எறும்பு சிறியது, ஆகவே கூட்டமும் சிறியது"

உலகின் மிகப் பெரிய எறும்புகளில் ஒன்று தென் அமெரிக்க டைனோபோனெரா. உடல் மூன்று சென்டிமீட்டரைத் தொடும். கூட்டமோ பெரும்பாலும் நூறுக்குள். மருத்துவமனைச் சுவர்களுக்குள் குடியேறும் ஃபாரோ எறும்பு இரண்டு மில்லிமீட்டர்தான். பல ராணிகளோடு ஆயிரக்கணக்கில் பெருகும்.

"எண்ணிக்கை குறைந்தால் வேலையும் குறையும்"

பலரை ஏமாற்றும் நம்பிக்கை இதுதான். ஐயாயிரம் எறும்புள்ள கூட்டத்தில் பஞ்சு காய்ந்து ஐம்பது செத்தால் அடுத்த வாரம் தெரியாது. அறுபது உள்ள கூட்டத்தில் ஐம்பது போனால் மிச்சம் என்ன?

தீனி இன்னொரு சிக்கல். வீட்டில் நாம் பார்க்கும் எறும்புகள் பல, இனிப்பு நீரை வயிற்றுப் பையில் நிரப்பி வந்து வாய்க்கு வாய் ஊட்டிக்கொள்பவை. சர்க்கரைத் தண்ணீரும் செத்த பூச்சியும் வைத்தால் பிழைத்துக்கொள்ளும். சிறு கூட்டமாக வாழும் வகைகளில் கணிசமானவை வேட்டைக்காரர்கள். அவற்றுக்குத் தடையின்றி உயிருள்ள பூச்சி வேண்டும். அதாவது எறும்பு வளர்க்க ஆசைப்பட்டவர் முதலில் சிள்வண்டு வளர்க்கக் கற்க வேண்டியிருக்கும். இந்த வகை ராணிகளில் பல, முதல் முட்டையிட்ட பிறகும் வெளியே போய் இரை தேடுபவை. குழாயை இருட்டில் வைத்து ஒரு மாதம் தொடாதே என்ற வழக்கமான அறிவுரையை இங்கே பின்பற்றினால் ராணி பட்டினியில் சாகும்.

விதிவிலக்கு டெம்னோதோராக்ஸ். ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் உள்ள இந்தச் சிற்றெறும்புகளின் முழுக் கூட்டமும், பெரும்பாலும் ஐம்பது முதல் இருநூறு வரை, ஒரே ஓக் கொட்டைக்குள் அடங்கிவிடும். ஆய்வகத்தில் இரண்டு கண்ணாடிச் சில்லுகளுக்கு இடையே வைத்தே வளர்க்கிறார்கள். சின்னக் கூட்டம் சலிப்பூட்டும் என்பவர்களுக்கும் இதுவே பதில். இவற்றில் ஒன்று இரை இருக்கும் இடத்தை அறியாத இன்னொன்றைப் பின்னால் கூட்டிக்கொண்டு போகும். பின்வருவது உணர்கொம்பால் தட்டினால்தான் முன்செல்வது அடுத்த அடி வைக்கும். விலங்குகளில் கற்பித்தல் நடக்கிறது என்பதற்குச் சான்றாக 2006இல் பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டியது இந்த நடையைத்தான். ஆனால் இவை குளிர்நாட்டுப் பிராணிகள். ஆண்டுதோறும் சில மாதம் குளிரில் உறங்கியாக வேண்டும். சென்னையில் வைத்துக்கொண்டால் குளிர்சாதனப் பெட்டியில் ஓர் அடுக்கை அவற்றுக்கு ஒதுக்கி, வீட்டாரிடமும் சம்மதம் வாங்க வேண்டும்.

"ராணி போனால் எல்லாம் போச்சு"

பெரும்பாலான வகைகளுக்கு இது உண்மைதான். 1956இல் மில்டன் லெவின் அமெரிக்காவில் விற்கத் தொடங்கிய பிளாஸ்டிக் 'எறும்புப் பண்ணை' புகழ்பெற்ற விளையாட்டுப் பொருளானது. அதோடு தபாலில் வந்தவை ராணி இல்லாத வேலைக்கார எறும்புகள். சில மாதங்களில் ஒவ்வொன்றாகச் செத்து, கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாக முடியும்.

ஆனால் இந்த விதியை உடைத்த எறும்பு ஒன்று நம் பக்கத்திலேயே இருக்கிறது. மதராஸ் ராணுவ மருத்துவரான ஜெர்டன், தென்னிந்திய எறும்புகளைப் பட்டியலிட்டபோது 1851இல் விவரித்த ஹார்பெக்னாதோஸ் சால்ட்டேட்டர். பெரிய கண், நீண்டு மேல்நோக்கி வளைந்த தாடை, ஒரே எம்பில் பத்து சென்டிமீட்டர் வரை தாவும் கால். கூட்டத்தில் சராசரியாக அறுபத்தைந்து எறும்புகள். ராணி செத்ததும் வேலைக்கார எறும்புகள் உணர்கொம்பை வாள்போல வீசி ஒன்றோடொன்று மோதத் தொடங்கும். போட்டி ஒரு மாதத்துக்கு மேலும் நீளும். வெல்பவை சில. அவை கூட்டத்து ஆண்களோடு இணைந்து முட்டையிட ஆரம்பிக்கும். ஏறத்தாழ ஏழு மாதமாக இருந்த ஆயுள் நான்கு ஆண்டுவரை நீளும். இரை தேடும் வேலை போய்விடுவதால் மூளை 20 முதல் 25 விழுக்காடு சுருங்கும். அதே எறும்பை மறுபடி வேலைக்காரியாக மாறச் செய்தால் மூளை பழைய அளவுக்குத் திரும்புகிறது என்று 2021இல் வெளியான ஆய்வு காட்டியது.

தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வாழும் டயாகம்மா இண்டிகம் இன்னும் ஒரு படி மேலே. அதில் ராணி என்ற பிறவியே கிடையாது. பிறக்கும் பெண் எறும்பு ஒவ்வொன்றுக்கும் மார்பில் இரண்டு சிறு மொட்டுகள் இருக்கும். முட்டையிடும் ஒரே எறும்பு மற்றவற்றின் மொட்டுகளைக் கடித்துத் துண்டித்துவிடும். துண்டிக்கப்பட்டவை இணைசேர முடியாது. கடையில் ராணி உண்டா என்று கேட்டு இந்த வகையை வாங்க முடியாது. கூட்டத்தோடுதான் எடுக்க வேண்டும். அதில் முட்டையிடுவதைத் தவறவிட்டால், வேறொன்று இணைசேர ஆண் இல்லாத நிலையில், இடப்படும் முட்டைகளிலிருந்து ஆண் எறும்பு மட்டுமே வரும்.

"நாலைந்து எறும்புதானே, கொட்டினால் கொட்டட்டும்"

ஆஸ்திரேலியாவின் ஜாக் ஜம்பர் எறும்புக் கூட்டம் பெரியதல்ல. டாஸ்மேனியாவில் மக்களில் சுமார் 3 விழுக்காட்டினருக்கு அதன் நஞ்சு ஒவ்வாமை உண்டு. கொட்டு வாங்கி உயிர் போனதும் உண்டு. நம் ஹார்பெக்னாதோஸும் கொட்டும்.

"வெளிநாட்டு வகையை வரவழைத்தால் யார் கேட்கப் போகிறார்கள்"

கென்யாவில் கேட்டார்கள். 2025 ஏப்ரலில் பெல்ஜிய இளைஞர்கள் இருவர், பஞ்சடைத்த சோதனைக்குழாய்களில் சுமார் 5,000 ராணி எறும்புகளோடு பிடிபட்டனர். பெரும்பாலும் ஆப்பிரிக்காவின் பெரிய விதைசேகரிப்பு எறும்பு. மே மாதம் நைரோபி நீதிமன்றம் விதித்தது பத்து லட்சம் ஷில்லிங் அபராதம், இல்லையேல் ஓராண்டுச் சிறை.

என்னைக் கேட்டால், தொடங்குபவர் ஹார்பெக்னாதோஸை இரண்டாம் சுற்றுக்கு ஒத்திவைக்கலாம். முதல் சுற்றுக்கு வாசலில் கிடைக்கும் கட்டெறும்பு ராணியே போதும். ஒருநாள் அது பெரிதாகும். அதுவரை பழகக் கால அவகாசம் தரும். சமாளிக்க முடியாமல் போனால் பிடித்த இடத்திலேயே கொண்டுபோய் விடலாம். வெளிநாட்டு வகைக்கு அந்த வழி கிடையாது. உறையவைத்துக் கொல்வது ஒன்றே மிஞ்சும். பணம் கொடுப்பதற்கு முன்பே இதைத் தெரிந்துகொள்வது நல்லது.