எடையைக் குறைச்சுட்டு வாம்மா

2026 ஜனவரியில் மதுரையில் ஒரு கல்லூரி மாணவி இறந்துபோனார். வெங்காரம் சாப்பிட்டால் உடம்பு மெலியும் என்று யூடியூபில் பார்த்துவிட்டு, நாட்டு மருந்துக் கடையில் வாங்கிச் சாப்பிட்டிருந்தார். வாந்தி, வயிற்றுப்போக்கு என்று தொடங்கியது உயிரைக் கொண்டுபோய்விட்டது.

வெங்காரம் வேறொன்றும் இல்லை, போராக்ஸ். நகைப் பட்டறையில் பொன்னைப் பற்றவைக்கும்போது ஆசாரி தொட்டு வைக்கிற வெள்ளைப் பொருள். சித்த வைத்தியத்தில் அதற்கு இடம் உண்டு. சுத்தி செய்து, அளவு பார்த்து, வைத்தியர் கொடுக்க வேண்டும். பொட்டலத்தில் வாங்கி வந்து கரண்டியால் அள்ளிப் போட்டுக்கொள்ளும் சரக்கு அல்ல.

இதை இங்கே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு பெண்ணுக்குக் கல்யாணமாகி மூன்று நான்கு வருடம் ஆகிறது, இன்னும் பிள்ளை இல்லை. வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் “ஏதும் விசேஷம் உண்டா?” என்கிறார்கள். ஒருவழியாக மருத்துவரிடம் போனால், “முதல்ல எடையைக் குறைச்சுட்டு வாம்மா” என்று ஒரே வரியில் அனுப்பிவிடுகிறார். எத்தனை கிலோ, எப்படி, எத்தனை நாளில் என்று சீட்டில் எதுவும் இருக்காது. அந்த இடைவெளியில்தான் காணொளிகளும் பொடிகளும் நுழைகின்றன. போராக்ஸ் இனப்பெருக்கத்தையே பாதிக்கக்கூடியது என்று ஐரோப்பிய ஒன்றியம் வகைப்படுத்தி வைத்திருக்கிறது. பிள்ளை வேண்டி எடை குறைக்கிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். எடையையும் பிள்ளைப்பேற்றையும் பற்றி உலவும் மற்ற நம்பிக்கைகளையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

“பத்தியம் இருந்து பழைய எடைக்கு வந்தால்தான் கரு தங்கும்.”

அவ்வளவு தேவையில்லை. 155 செ.மீ. உயரமும் 72 கிலோ எடையும் உள்ள ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். அவருடைய பிஎம்ஐ 30. இந்தியர்களுக்கு 23க்கு மேல் போனாலே கூடுதல் எடை, 25 தாண்டினால் உடல் பருமன். புத்தகக் கணக்குப்படி அவர் 55 கிலோவுக்கு வர வேண்டும், அதாவது 17 கிலோ குறைய வேண்டும். இதைக் கேட்டாலே யாருக்கும் கை கால் ஓடாது. ஆனால் சினைப்பையில் நீர்க்கட்டி இருந்து மாதவிலக்கு தள்ளிப்போகும் பெண்களில் பலருக்கு, இருக்கும் எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே கருமுட்டை வெளியாவது சீராகத் தொடங்குகிறது. இவருக்கு அது மூன்றரை முதல் ஏழு கிலோ. வாரத்துக்கு அரைக் கிலோ என்று போனால் மூன்று, நான்கு மாதத்தில் முடிகிற காரியம்.

“குண்டாக இருந்தால் பிள்ளை பிறக்காது.” இதற்கு நம் தெருவிலேயே பதில் இருக்கிறது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் 40 சதவீதத்தினர் கூடுதல் எடையோ உடல் பருமனோ கொண்டவர்கள். அவர்களில் பெரும்பாலோர் தாய்மார்கள்தாம். எடை கூடுதலாக இருந்தால் கரு தரிக்கத் தாமதமாகலாம், குழந்தைப்பேற்றுச் சிகிச்சையில் ஊசி மருந்தின் அளவு கூடலாம், முட்டை எடுக்கும்போது மயக்க மருந்து கொடுப்பதில் சிக்கல் வரலாம். கர்ப்பகாலச் சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, கருச்சிதைவு ஆகியவற்றின் அபாயமும் ஏறும். மருத்துவர் எடையைப் பற்றிப் பேசுவது இதனால்தான். மாமியார் பேசுவதற்கு இதில் ஒன்றும் இல்லை.

“எடை குறைந்துவிட்டால் சிகிச்சை கட்டாயம் பலிக்கும்.”

இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் மருத்துவர்களே இதை நம்பியிருந்தார்கள். நெதர்லாந்தில் உடல் பருமனுள்ள 577 பெண்களை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவினரை ஆறு மாதம் எடை குறைக்கவைத்துப் பிறகு சிகிச்சைக்கு எடுத்தார்கள். மற்றவர்களுக்கு உடனே சிகிச்சை. 2016இல் முடிவு வந்தது. நிறைமாதத்தில், சுகப்பிரசவமாக, ஆரோக்கியமான ஒற்றைக் குழந்தை பெற்றவர்கள் எடை குறைத்த பிரிவில் 27 சதவீதம், காத்திருக்காத பிரிவில் 35 சதவீதம். அடுத்த வருடம் ஸ்வீடன் ஆய்வாளர்கள் 317 பெண்களை வைத்துச் செய்த ஆய்வு வந்தது. ஐவிஎஃப் என்ற செயற்கைக் கருத்தரிப்புக்கு முன் 12 வாரம் குறைந்த கலோரி பானத்தில் இருந்தவர்கள் சராசரியாக 9 கிலோவுக்கு மேல் இழந்தார்கள். குழந்தை பிறந்த விகிதமோ இரு பிரிவிலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் இரண்டு ஆய்விலுமே எடை குறைத்த பிரிவில்தான் கூடுதலானோர் சிகிச்சையே இல்லாமல் இயல்பாகக் கருத்தரித்தார்கள்.

எனவே எடையைக் குறைப்பது நல்லது, அதற்காகக் காலவரையின்றிக் காத்திருப்பது நல்லதல்ல. 26 வயதுப் பெண்ணுக்கு ஆறு மாதம் பெரிதில்லை. 38 வயதில் அந்த ஆறு மாதத்துக்குள் கருமுட்டைகளின் எண்ணிக்கையும் தரமும் இறங்கிக்கொண்டே போகும். குறைத்த எடை அதை ஈடுகட்டாது. 35 தாண்டியவரை “குறைச்சுட்டு வா” என்று மட்டும் சொல்லி, வேறு பரிசோதனை எதுவும் செய்யாமல் அனுப்புவது என் பார்வையில் சரியான வைத்தியமே அல்ல.

“வேகமாகக் குறைத்தால் சீக்கிரம் ஆரம்பிக்கலாம்.” பட்டினி கிடக்கும் உடம்பு முதலில் நிறுத்துவது மாதவிலக்கைத்தான். பித்தப்பையில் கல் வரும், முடி கொட்டும், ரத்தசோகை கூடும். குழந்தையின் முதுகுத்தண்டு உருவாகத் தேவையான ஃபோலிக் அமிலமும் குறைந்துபோகும். எடை குறைக்கும் காலத்திலேயே அந்த மாத்திரையைத் தொடங்கிவிட வேண்டும். அளவை மருத்துவர் சொல்வார்.

திருப்பரங்குன்றத்தில் பிள்ளை வரம் வேண்டிக் காப்புக் கட்டிக் கந்தசஷ்டி விரதம் இருப்பவர்களைப் பற்றியும் கேட்கிறார்கள். அது பக்தி, அதில் தலையிட எனக்கு உரிமை இல்லை. ஆனால் ஆறு நாளில் குறைவது பெரும்பாலும் நீர், ஏழாம் நாள் திரும்பிவிடும். சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்களும் சிகிச்சை ஊசியில் இருப்பவர்களும் விரதத்துக்கு முன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

“இப்போது ஊசி வந்துவிட்டதே, போட்டுக்கொண்டே முயற்சி செய்யலாம்.” கூடாது. எடை குறைக்கும் ஊசிகளான மவுஞ்சாரோ 2025 மார்ச்சிலும், வெகோவி அதே வருடம் ஜூனிலும் இந்தியாவில் விற்பனைக்கு வந்தன. எடை நன்றாகவே குறைகிறது. ஆனால் கர்ப்பத்தில் இவை பாதுகாப்பானவை என்பதற்கு ஆதாரம் போதாது. கருத்தரிக்க முயல்வதற்குக் குறைந்தது இரண்டு மாதம் முன்பே வெகோவியை நிறுத்த வேண்டும். மவுஞ்சாரோ போடும்போது கருத்தடை மாத்திரையின் பலன் குறையலாம். எடை இறங்கியதும் முட்டை வெளியாகி, எதிர்பாராமல் கரு தங்கிவிடுவதும் உண்டு. உடல் பருமனுக்கான அறுவை சிகிச்சை செய்தவர்கள் ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை பொறுக்க வேண்டும்.

சாப்பாட்டுக்கு வருவோம். சோற்றை அறவே விடச் சொல்லவில்லை. தட்டில் பாதி காய்கறி, கால் பங்கு பருப்போ முட்டையோ மீனோ, மீதிக் கால் பங்கு சோறு என்று மாற்றிக்கொண்டாலே கணக்கு மாறும். ஒரு நாளைக்கு நாலு டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சர்க்கரை என்றால் சுமார் 40 கிராம், அதாவது 160 கலோரி. இரவு பத்து மணிக்குப் பரோட்டாவும் சால்னாவும் வாரத்தில் நாலு நாள் என்றிருப்பது ஒரு நாளாகட்டும். ஜிகர்தண்டாவைத் தடை செய்ய மாட்டேன். அப்படி எழுதிவிட்டு மதுரை விளக்குத்தூண் பக்கம் நான் நடமாட முடியாது. மாதம் ஒன்று போதும். வண்டியூர் தெப்பக்குளத்தை வாரத்தில் ஐந்து நாள், மூச்சு வாங்குகிற வேகத்தில் அரைமணி நேரம் சுற்றினால், பரிந்துரைக்கப்படும் 150 நிமிடம் வந்துவிடும்.

“அவருக்கு எதற்குப் பத்தியம்?” இதுதான் எனக்கு அதிகம் எரிச்சலூட்டும் நம்பிக்கை. மனைவி கம்பங்கூழ் குடிக்க, எதிரே கணவர் கறிதோசை சாப்பிடுகிறார். ஆணின் உடல் பருமன் டெஸ்டோஸ்டிரோனைக் குறைத்து, விந்தணுவின் எண்ணிக்கையையும் அசைவையும் பாதிக்கிறது. விந்தணு உருவாகி முதிர ஏறக்குறைய மூன்று மாதம் ஆகும் என்பதால், இன்று அவர் செய்யும் மாற்றத்தின் பலன் அதற்குப் பிறகுதான் தெரியும். ஜிம்மில் உடம்பேற்ற டெஸ்டோஸ்டிரோன் ஊசி போடுகிறவர்களுக்கு விந்தணு உற்பத்தியே நின்றுபோகலாம்.

அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். எத்தனை கிலோ, எத்தனை மாதம், குறையாவிட்டால் அடுத்து என்ன என்ற மூன்றையும் கேட்டு எழுதி வாங்குங்கள். தைராய்டு, சர்க்கரை, விந்தணுப் பரிசோதனைகள் எதுவும் எடை குறையும்வரை காத்திருக்கத் தேவையில்லை, அன்றைக்கே எடுத்துவிடலாம்.