எழுத்தாளர் இல்லமும் தொண்டர் காவலும்

நுழையும்முன்

எழுத்தாளர் வாழ்ந்த இல்லம் அவர் காலத்திற்குப்பின் மக்களின் உடைமையாகிறது. அரசு காத்துவந்த அத்தகைய இல்லமொன்று மூடப்படும் நிலைக்கு வந்தது. அப்போது அதனைத் தொண்டால் மீட்ட மக்களைப் பற்றி இப்பாடம் எடுத்துரைக்கிறது.

பண்ணையும் இல்லங்களும்

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், கிளென் எல்லன் என்னும் சிற்றூரை அடுத்த மலைச்சரிவில் ஜாக் லண்டன் மாநில வரலாற்றுப் பூங்கா அமைந்துள்ளது. பெ. தூரன் ‘கானகத்தின் குரல்’ எனத் தமிழாக்கிய புதினத்தின் ஆசிரியரான ஜாக் லண்டன் (1876 – 1916), 1905ஆம் ஆண்டு முதல் இங்கு நிலம் வாங்கிப் பண்ணை அமைத்தார். அவரும் மனைவி சார்மியனும் வாழ்வதற்காக 26 அறைகளுடன் ‘ஓநாய் மாளிகை’ எழுப்பப்பட்டது. குடிபுகும் முன்பே, 1913 ஆகஸ்டு மாதத்தில் ஓர் இரவில் அது தீக்கிரையாயிற்று. பண்ணையிலிருந்த எளிய மரவீட்டிலேயே தொடர்ந்து எழுதிவந்த லண்டன், அங்கேயே மறைந்தார். பின்னர்ச் சார்மியன் கட்டிய கல்வீடு இன்று அருங்காட்சியகமாக விளங்குகிறது. மாளிகையின் கற்சுவர்கள் செம்மரங்களுக்கிடையே கூரையின்றி நிற்கின்றன.

மூடவிருந்த கதவு

2011ஆம் ஆண்டு நிதி நெருக்கடியால், கலிபோர்னிய அரசு தன் 278 பூங்காக்களுள் 70 பூங்காக்களை மூடுவதாக அறிவித்தது. அப்பட்டியலில் இப்பூங்காவும் இடம்பெற்றது. ஆளில்லாத வீட்டில் மழைநீர் கசியும், மரம் உளுக்கும், அரும்பொருள்கள் களவுபோகும். எனவே, கதவடைப்பு என்பது மெல்ல நிகழும் அழிவாகும். இலாப நோக்கமற்ற அமைப்புகள் மாநிலப் பூங்காக்களை நடத்துவதற்கு அவ்வாண்டே சட்டம் வழிவகுத்தது. அதன்படி, 2012ஆம் ஆண்டில் உள்ளூர் அமைப்பொன்று இப்பூங்காவின் பொறுப்பை ஏற்றது. நிலமும் இல்லங்களும் அரசின் உடைமையாகவே நீடித்தன.

தொண்டின் இயல்பு

அமைப்பின் பணியாளர்களுக்குத் தொண்டர்கள் துணைநின்றனர். பயிற்சி பெற்றவர்கள் வழிகாட்டிகளாயினர்; ஏனையோர் நடைபாதைகளைச் சீரமைத்தனர்; அருங்காட்சியகத்தில் வருவோரை வரவேற்றனர். இப்பணிகளுக்கு உடலுழைப்புடன் நேர்மையும் வேண்டும். “மாளிகைக்குத் தீ வைத்தவர் யார்?” என்பது பார்வையாளர் மனத்தில் எழும் வினா. சதியென்னும் கதை சுவையானதே. எனினும் சான்று காட்டுவதையே கூறுவதும், ஊகத்தை ஊகமெனவே உரைப்பதும் வழிகாட்டியின் கடமை.

பார்வையாளர்க்கும் கடமை உண்டு. சிதைந்த சுவர்மீது ஏறாமை, பொருள்களைத் தொடாமை, கல்லொன்றையும் நினைவுப்பொருளாக எடுத்துச் செல்லாமை ஆகியன அவர்கள் ஆற்றும் தொண்டாகும். பார்க்க வந்தவர் காக்கவும் முன்வரும்போது, வரலாற்று இல்லம் அடுத்த தலைமுறையைச் சென்றடைகிறது.

தெரிந்து தெளிவோம்

ஓநாய் மாளிகையின் இடிபாடுகளை 1995ஆம் ஆண்டு வல்லுநர் குழு ஆராய்ந்தது. மரவேலைக்குப் பயன்படுத்திய ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணிகள் தாமாகவே சூடேறித் தீப்பற்றியிருக்கக்கூடும் என்று அக்குழு கருதியது.

கற்பவை கற்றபின்

உங்கள் மாவட்டத்திலுள்ள நினைவு இல்லம் ஒன்றைப் பார்வையிட்டு, அங்கு மாணவர்கள் ஆற்றத்தக்க தொண்டுகளைப் பட்டியலிடுக.