இடுப்பு எக்ஸ்ரேயில் முதலில் எதைப் பார்ப்பது?

கேள்வி: ரேடியோகிராபி டிப்ளமா படிக்கிறேன். இடுப்பு எக்ஸ்ரேயைப் பார்த்தால் கோட்டின் மேல் கோடாகத் தெரிகிறதே தவிர, எது எந்த எலும்பு என்று பிடிபடவில்லை. எங்கிருந்து தொடங்க வேண்டும்?

பதில்: முதலில் படம் நேராக விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். வால் எலும்பின் நுனி, சிம்பசிஸ் பியூபிஸுக்கு நேர் மேலே நிற்க வேண்டும். அடுத்து, தொடை எலும்பின் உட்புறம் உள்ள சிறிய ட்ரோகான்டர். அது பெரிதாகத் துருத்திக்கொண்டிருந்தால் கால் வெளிப்பக்கம் திரும்பியிருக்கிறது என்று பொருள். அந்த நிலையில் எலும்பின் கழுத்து குறுகித் தெரியும். அதிலுள்ள விரிசல் கண்ணுக்குத் தப்பிவிடலாம். கழுத்து இயல்பிலேயே சற்று முன்பக்கம் திரும்பியிருப்பதால்தான் கால்களை 15 முதல் 20 டிகிரி உள்பக்கம் திருப்பிப் படமெடுக்கிறோம். ஆனால், விழுந்து அடிபட்டு வந்தவரின் காலை ஒருபோதும் திருப்ப முயலாதீர்கள். அந்த வெளித்திருப்பமே முறிவின் அடையாளமாக இருக்கலாம்.

இனி ஷென்டன் கோடு. நான் மாணவர்களுக்கு முதலில் காட்டுவது இதைத்தான். தொடை எலும்புக் கழுத்தின் உள்விளிம்பில் விரலை வையுங்கள். அப்படியே மேலேறி வளைந்தால், பியூபிஸ் மேல்கிளையின் கீழ்விளிம்பில் தடங்கலின்றி இறங்க வேண்டும். வேறு வேறு எலும்புகளின் விளிம்புகள் சேர்ந்து ஒரே வளைவாகத் தெரிகின்றன. அதனால் கழுத்து முறிந்து விலகினாலும், தொடை எலும்பின் தலையான பந்து இடுப்புக் குழியான கிண்ணத்தைவிட்டு நழுவினாலும் வளைவு அறுந்து ஒரு படி விழும். இரண்டு பக்கமும் வரைந்து ஒப்பிடுங்கள்.

கிண்ணத்தின் இரண்டு விளிம்புகள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரியும். வெளிப்பக்கம் இருப்பது பின்சுவர், உள்பக்கம் இருப்பது முன்சுவர். இலியோபெக்டினியல் கோடு கிண்ணத்தைத் தாங்கும் முன்தூணையும், இலியோஇஸ்கியல் கோடு பின்தூணையும் காட்டும்.

பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளை நொண்டிக்கொண்டு வந்தால் கிளைன் கோட்டை மறக்காதீர்கள். முழங்கால் வலி என்றுதான் பலர் சொல்வார்கள். கோளாறு இடுப்பில் இருக்கும். கழுத்தின் மேல்விளிம்பை ஒட்டி வரையும் கோடு பந்தின் ஓரத்தை வெட்டிச் செல்ல வேண்டும். வெட்டாமல் மேலே போனால் பந்து சரிந்திருக்கிறது. பக்கவாட்டுப் படமும் தேவை. ஆரம்பச் சரிவு பெரும்பாலும் அதில்தான் தெரியும்.

எல்லாக் கோடுகளும் சரியாக இருந்தும், விழுந்த முதியவரால் கால் ஊன்ற முடியவில்லை என்றால், முறிவு இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. விலகாத விரிசல் எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம், எம்.ஆர்.ஐ.யில் தெரியும். அவரால் ஊன்ற முடியவில்லை என்பதை மருத்துவரிடம் தவறாமல் சொல்லுங்கள்.