கொள்ளை ஈ

ஈ என்றவுடன் எச்சில் இலையை மொய்க்கும் வீட்டு ஈயே நம் நினைவிற்கு வரும். பிற உயிர்களை வேட்டையாடி உண்ணும் ஈக்களும் உலகில் உண்டு. அவற்றுள் ஒன்று இங்கிலாந்தின் தென்பகுதியிலும் வேல்சிலும் உள்ள மேய்ச்சல் நிலங்களில் வாழ்கின்றது. ஆங்கிலேயர் அதனைக் குளவிக் கொள்ளை ஈ என்பர். லின்னேயசு என்னும் அறிஞர் 1758-ஆம் ஆண்டில் அதற்கு அறிவியற் பெயர் சூட்டியபொழுதும் பெருங்குளவி போன்றது என்னும் பொருளே தோன்றச் சூட்டினார்.

பெயர் பொருத்தமானதே. அதன் உடல் ஏறத்தாழ ஓர் அங்குல நீளமுடையது. வயிற்றின் முற்பகுதி கருமை, பிற்பகுதி பொன்மஞ்சள். காண்போர் கொட்டுமோ என்று அஞ்சுவர். ஆனால், அதற்குக் கொடுக்கே இல்லை! குளவிக்கு நான்கு சிறகுகள், இதற்கோ இரண்டே.

சூலைத் திங்களில் இந்த ஈக்கள் வெளிப்படத் தொடங்கும். ஆகஸ்டு, செப்டம்பர்த் திங்கள்களில் மிகுந்து காணப்படும். அக்டோபரில் குளிர் வரவே மறைந்துவிடும். வெயில் காயும் வேளையில் காய்ந்த சாணத்தின்மீது கொள்ளை ஈ அசையாது அமர்ந்திருக்கும். வெட்டுக்கிளியோ சாணவண்டோ அருகே வந்தால் பாய்ந்து பற்றி, ஊசிபோன்ற வாயுறுப்பினால் குத்தி, தன் உமிழ்நீரைச் செலுத்தும். அந்நீர் இரையை அசைவறச் செய்து, அதன் உள்ளுறுப்புகளைக் கூழாகக் கரைத்துவிடும். அக்கூழே அதன் உணவு. துடிக்கும் இரை கண்களைக் கீறிவிடாதபடி அதன் முகத்தில் தாடிபோல் விறைத்த மயிர்கள் வளர்ந்துள்ளன.

இருக்க இடம் வேறில்லையா, சாணத்தை ஏன் நாடுகின்றது? பெண் ஈ முட்டையிடுவது சாணத்திலும் அதனை அடுத்த மண்ணிலுமே. முட்டையிலிருந்து வெளிவரும் புழு மண்ணுக்குள் வாழ்ந்து, சாணவண்டுகளின் புழுக்களை உண்டு வளர்வதாக அறிஞர் கருதுகின்றனர். ஆகவே மாடு மேயாத புல்வெளியில் இந்த ஈக்கு வாழ்வு அரிது.

மாடு மேய்ந்தாலும் ஓர் இடர் உண்டு. 1980-களில் ஐவர்மெக்டின் என்னும் மருந்து கால்நடைகளின் குடற்புழுக்களை ஒழிக்கப் பயன்பாட்டிற்கு வந்தது. மாட்டிற்கு நலம் செய்யும் அம்மருந்தின் பெரும்பகுதி சாணத்தோடு வெளியேறி, அதில் வளரும் வண்டுப் புழுக்களைக் கொல்கின்றது. இரை அழிந்தால் கொள்ளை ஈ எங்ஙனம் பிழைக்கும்? புல்வெளிகள் பல உழப்பட்டு விளைநிலங்கள் ஆனதும் இதனுடன் சேர்ந்தது. இந்த ஈ அருகிய உயிர்களுள் ஒன்றாயிற்று.

இதனை அறிந்த பண்ணையாளர் சிலர், நோயுற்ற மாடுகளுக்கு மட்டும் மருந்தளித்து, அவற்றைச் சில வாரங்கள் வேறு நிலத்தில் கட்டிவைக்கின்றனர். மாடுகள் அரிதான மேட்டுநிலங்களிலோ, முயற்புழுக்கைக் குவியல்களே கொள்ளை ஈக்கு இருக்கையாக உதவுகின்றன.